உம்மாவ கூட்டிக்கிட்டு போர்ட்டோ ரிக்கோ மலை ஊரு ஹயூயா போகலாமா? பன்றி கலக்காத சாப்பாடு கெடைக்குமா?

கீழக்கரைப் பையன்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். காக்கா (அண்ணன்) ஒர்லாண்டோவுல வேலை பாக்குறாக, இந்த வருசக் கடைசியில நானும் உம்மாவும் அங்க போறோம், விசா கெடைச்சிருச்சு. அஞ்சு நாளு லீவு போட்டு போர்ட்டோ ரிக்கோ போயிட்டு வரலாம்ண்டு காக்கா சொல்றாக, சான் ஹுவான்ல கடலோரமா ஒரு ஓட்டல் வேற பாத்து வச்சிருக்காக. உம்மாட்ட போட்டோவ காட்டுனா, "வீட்டு வாசல்ல கெடக்குற கடலப் பாக்கவா அம்புட்டு தூரம் போகணும், மலை இருந்தா சொல்லு"ண்டு சொல்லிருச்சு. உம்மாவுக்கு 63 வயசு, மலைண்டு பாத்தது கொடைக்கானல் ஒரே தடவ, அதுவும் வாப்பா இருந்தப்ப.

தேடிப் பாத்ததுல ஹயூயாண்டு ஒரு சின்ன ஊரு புடிச்சிருக்கு. தீவுக்கு நடுவுல மலைக்குள்ள இருக்கு, ஜனத்தொகையே சுமாரா 15 ஆயிரந்தான், காப்பித் தோட்டம், ஆறு, பழைய ஆதிவாசிக செதுக்குன பாறை எல்லாம் இருக்குண்டு போட்டிருக்கு. ஆனா ரெண்டு விசயம் ஒதைக்குது. ஒண்ணு, அந்த ஊருல பன்றிதான் பிரதானமாம், சோத்துலயும் கலப்பாகளாம், உம்மா அந்தப் பாத்திரத்துல தண்ணி கூட குடிக்காது. ரெண்டு, உம்மாவுக்கு முழங்கால் வலி. காக்கா என்னடாண்டா ஒரு நாளு வேன்ல போயிட்டு சாயங்காலம் திரும்பிரலாம்ண்டு சொல்றாக. யாராச்சும் போயிருந்தா சொல்லுங்க, ஒரு நாளு போதுமா? தேதி இன்னும் முடிவாகல, டிசம்பர் கடைசி இல்ல ஜனவரி மொத வாரம்.

தொண்டி மாலுமி:

வ அலைக்கும் ஸலாம் தம்பி. சான் ஹுவான் தொறமுகத்துக்கு நாலஞ்சு தடவ கப்பல்ல போயிருக்கேன். ஒரு தடவ கெடைச்ச ஒரு நாளு லீவுல நீங்க சொல்ற மாதிரியே வேன்ல கெளம்பி ஹயூயா போனோம். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டே கால், நடுவுல ரெண்டு எடத்துல கடைக்குள்ள கூட்டிட்டுப் போயி நிறுத்திட்டாங்க, ஊருக்குள்ள நாங்க இருந்தது மொத்தமா நாப்பது நிமிசம். பாறைய மேல நின்னு பாத்ததோட சரி, எறங்க விடல. எனக்கு இப்பவும் மனசு ஆறல, மறுபடி அந்தப் பக்கம் போக வாய்ப்பே அமையல. உம்மாவ கூட்டிக்கிட்டு அப்படிப் போகாதீங்க, ரெண்டு ராத்திரியாச்சும் தங்குங்க. சான் ஹுவான வேணும்னா ஒரு நாளா சுருக்கிக்கங்க.

விசாவுக்குத் தனியா ஒண்ணும் வேணாம், அது அமெரிக்காவுக்குள்ள அடக்கம், ஒர்லாண்டோவுலருந்து உள்ளூர் பிளைட் மாதிரிதான், மூணு மணி நேரத்துக்குள்ள எறங்கிரலாம். பாஸ்போர்ட் மட்டும் கையில இருக்கட்டும். திரும்பும்போது ஏர்போர்ட்ல விவசாய ஆபீசருங்க பையை ஸ்கேன் பண்ணுவாங்க, மாம்பழம் மாதிரி நெறைய பழம் உள்ள விட மாட்டாங்க, வறுத்த காப்பிக்குத் தடை இல்ல.

பரமக்குடி மருமகள், டாம்பா:

தம்பி, சாப்பாட்டு விசயத்த நான் சொல்றேன், போன வருசம் நாங்க ஹயூயாவுலயும் பக்கத்து ஊரு அட்ஹுந்தாஸ்லயுமா நாலு நாளு இருந்தோம், எங்க கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா முஸ்லிம், அவங்களுக்காகவே ஒவ்வொரு கடையிலயும் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட்டோம், அதனால நல்லாத் தெரியும்.

மொதல்ல மாட்டிக்கிற எடம் எதுன்னு சொல்லிர்றேன். அங்க எல்லா விசேசத்துக்கும் ஒரு சோறு வைப்பாங்க, அரோஸ் கோன் கந்தூலெஸ்னு பேரு, கந்தூலெஸ்னா வேற ஒண்ணும் இல்ல நம்ம துவரைதான், பருப்பா உடைக்காம பச்சைத் துவரையா அப்படியே சோத்துல போட்டு ஆக்குறது. பாத்தா சைவம் மாதிரி இருக்கும், ஆனா தாளிப்புலயே பன்றி துண்டு போட்டிருப்பாங்க. மொஃபோங்கோனு ஒண்ணு, பச்சை வாழக்காய பொரிச்சு மர உரல்ல பூண்டோட போட்டு இடிச்சுக் குடுப்பாங்க, அதுலயும் பன்றித் தோலு வறுவல் கலந்து இடிக்கிறதுதான் வழக்கம். பீன்ஸ் குழம்புலயும் ஹாம் கெடக்கும். பொரிக்கிற எண்ணெய் கூட சில எடத்துல பன்றிக் கொழுப்பு, அதுக்கு மான்தேகான்னு பேரு. அதனால "நோ கோமெமோஸ் செர்தோ, நி மான்தேகா"னு சொல்லிப் பழகிக்கங்க, பன்றியும் சாப்பிட மாட்டோம், அந்தக் கொழுப்பும் வேணாம்னு அர்த்தம். யாரும் மூஞ்சி சுளிக்க மாட்டாங்க, சமையக்கட்டுக்குள்ள போயி கேட்டுட்டு வந்து சொல்லுவாங்க.

கோழி ஹலால் மலை ஊருல எதிர்பாக்காதீங்க. அப்ப என்னதான் சாப்பிடுறதுன்னு கேட்டா, அங்கதான் நமக்கு ராஜ சாப்பாடு இருக்கு. செரெனாத்தா தெ பகலாவ்னு கேளுங்க. பகலாவ்னா உப்புப் போட்டுக் காய வச்ச மீனு, காட் மீனு, வெளியூர்லருந்து வர்றது, மலையில கடல் மீனுக்கு வழியில்லாத காலத்துலருந்து அதுதான் அவங்க கருவாடு. அத ஊற வச்சு உப்பு எடுத்து, உதிர்த்து, வெங்காயம், அவகாடோ, ஆலிவ் எண்ணெய் விட்டுக் கலந்து, அவிச்ச மரவள்ளிக்கிழங்கு, சேம்பு மாதிரி ஒரு கிழங்கு, பச்சை வாழக்காய், இதுகளோட வைப்பாங்க. நான் மொத வாய் வச்சதும் எங்க மாமியார் மரவள்ளி அவிச்சு கருவாட்டோட குடுக்குறதுதான் ஞாபகம் வந்துச்சு, கண்ணே கலங்கிருச்சு. கடல தாண்டி அம்புட்டு தூரத்துல ஒரு மலைக்காரன் தட்டுல நம்ம ராம்நாட்டுக் கருவாடும் கிழங்கும் இருக்குங்க!

காரம் மட்டும் சுத்தமா இருக்காது. அவங்க சேக்குற மிளகா வாசத்துக்குத்தான், குடமிளகா மாதிரி சப்புனு இருக்கும், மேசையில பிக்கேன்னு வினிகர்ல மிளகா ஊற வச்ச பாட்டில் இருக்கும், அத ஊத்திக்கலாம். நான் நம்ம ஊரு முண்டு மிளகாய்த்தூள் ஒரு சின்ன டப்பாவுல வச்சிருந்தேன், 2023-ல புவிசார் குறியீடு வாங்குன மிளகாயாச்சே. அந்த வீட்டு அம்மாவுக்கு கொஞ்சம் குடுத்தேன், மீனுல தூவிச் சாப்பிட்டுட்டு மிச்ச டப்பாவையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க.

இனிப்புக்கு தெம்ப்லேக்கேன்னு ஒண்ணு, தேங்காப்பால்ல சோளமாவு போட்டுக் காய்ச்சி ஆற வச்சு மேல பட்டைத்தூள் தூவுறது, அல்வா மாதிரி இறுகாம தளதளன்னு ஆடும். கீழக்கரை தொதல் சாப்பிட்ட நாக்குக்கு கண்டிப்பா புடிக்கும். அரோஸ் கோன் துல்ஸேன்னு இன்னொண்ணு, அரிசி, தேங்காப்பால், இஞ்சி, பட்டை, கிராம்பு, நீங்க சொல்ற பாச்சோறு மாதிரி. ஆனா ஒரு எச்சரிக்கை: கிறிஸ்மஸ் சீசன்ல எந்த வீட்டுக்குப் போனாலும் சின்ன கிளாஸ்ல வெள்ளையா ஒண்ணு நீட்டுவாங்க, கொக்கீத்தோன்னு பேரு, தேங்காப்பால்தான்னு நெனச்சு உம்மா குடிச்சுரப் போறாங்க, அதுல ரம் இருக்கு. அரிசி இனிப்புல போடுற திராட்சையையும் சில வீட்டுல ரம்முல ஊற வைப்பாங்க. "சின் ரோன்?"னு, அதாவது ரம் இல்லாததான்னு, கேட்டுட்டு வாங்குங்க.

இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன், சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது வாசல்ல நுழையுற ஆளு, முன்னப்பின்ன தெரியாதவங்க கூட, ஒவ்வொரு மேசையையும் பாத்து "புவென் ப்ரொவேச்சோ"ன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. நல்லா சாப்பிடுங்கன்னு வாழ்த்துறது. "க்ராஸியாஸ்"னு திருப்பிச் சொன்னா போதும்.

கீழக்கரைப் பையன்:

லாத்தா, ரொம்ப நன்றி. உம்மாட்ட படிச்சுக் காட்டுனேன், கருவாடும் மரவள்ளியும்ண்டு கேட்டதும் "அப்ப ரெண்டு ராத்திரி தங்கலாம்"ண்டு அதுவே சொல்லிருச்சு. காக்காவும் ஓட்டல மாத்த ஒத்துக்கிட்டாக. தொழுகைக்கு பள்ளிவாசல் பக்கத்துல இருக்கா? அந்தப் பாறைக்கு முழங்கால் வலியோட எறங்க முடியுமா? திருவிழா ஏதாச்சும் பாக்குற மாதிரி எந்தத் தேதிய எடுக்குறது?

பாம்பன் பாலத்தடி:

தம்பி, நான் டெக்சாஸ்ல இருக்கேன், சொந்த ஊரு பாம்பன், ஹயூயாவுக்கு மூணு தடவ போயிட்டு வந்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

தேதி கேட்டீங்களே, ஜனவரி 3-லருந்து 8 வரை எடுங்க. அவங்களுக்கு டிசம்பர் 25-ஓட பண்டிகை முடியாது, ஜனவரி 6 மூணு ராசாக்கள் நாள், கொழந்தை ஏசுவப் பாக்க வந்த மூணு ராசாக்களோட பண்டிகை, அதுதான் மலை ஊருல பெருசு. அந்த சீசன் முழுக்க பர்ராந்தான்னு ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு கூட்டம் சத்தமில்லாம ஒரு வீட்டு வாசல்ல போயி நிப்பாங்க, திடீர்னு எல்லாரும் சேந்து வாசிச்சுப் பாடி வீட்டு ஆளுகள எழுப்புவாங்க, அந்த வீட்டுக்காரங்க கதவத் தொறந்து சாப்பாடு குடுத்துட்டு அவங்களும் கூட்டத்தோட சேந்து அடுத்த வீட்டுக்குப் போவாங்க, விடிகாலையில கடைசி வீட்டுல கஞ்சி மாதிரி அசோப்பாவ்னு சூடா ஊத்துவாங்க. நம்ம பக்கம் நோம்பு மாசத்துல சஹர் நேரத்துக்கு பாவாக்கள் கொட்டடிச்சுப் பாடிக்கிட்டு தெருத்தெருவா எழுப்பிட்டு வருவாங்கல்ல, எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. வாசிக்கிறது குவாத்ரோன்னு சின்ன கிட்டாரு, பேருக்கு நாலுன்னு அர்த்தம், இப்ப இருக்கறதுல பத்து கம்பி. கூட கூய்ரோன்னு ஒண்ணு, காஞ்ச சுரைக்குடுக்கைல வரி வரியா கீறி கம்பிச் சீப்பால உரசுறது. பாட்டு மெட்டுக்கு ஏத்தாப்புல அங்கனயே பத்து அடி கட்டிப் பாடுற ஆளுகளும் இருக்காங்க, கேக்குறவங்க கடைசி அடிய குடுத்துருவாங்க, பாடுறவரு அந்த அடியில கொண்டுவந்து முடிக்கணும். பாஷை புரியாட்டியும் முடியுற எடத்துல கூட்டம் கத்துறதுல நமக்கு சிலிர்த்துரும்.

பாறைக்குப் பேரு பியெத்ரா எஸ்க்ரித்தா, எழுதுன பாறை. 144-ஆம் நம்பர் ரோட்டுல இருக்கு, ஆத்துக்கு நடுவுல பெரிய பாறை, ஐம்பதுக்கு மேல உருவம் செதுக்கிருக்காங்க, செதுக்குனது தைனோ சனங்க, ஸ்பெயின்காரன் வர்றதுக்கு முன்னாடி அங்க இருந்தவங்க. ஊருப் பேரே ஹயூயாங்கற அவங்க தலைவரோட பேருதான். மேலருந்து மரப்படி எறங்கும், உம்மா பாதி எறங்குனாலே பாறை நல்லாத் தெரியும், முழுசா எறங்கணும்னு கட்டாயம் இல்ல. அதே ரோட்டுல கொஞ்ச தூரத்துல செமி மியூசியம், செமிங்கறது அவங்க கும்பிட்ட முக்கோணக் கல்லு, கட்டடத்தையே அந்த வடிவத்துல கட்டிருக்காங்க. அது பக்கத்துல கனாலெஸ் வீடு. பிளாங்கா கனாலெஸ்ங்கற அம்மா 1950 அக்டோபர் 30-ல இந்த ஊருல சுதந்திரக் கொடி ஏத்தி குடியரசுன்னு அறிவிச்சாங்க, அமெரிக்கா விமானம் விட்டு இந்தச் சின்ன ஊரு மேல குண்டு போட்டுச்சு. அந்த வீட்டுத் திண்ணையில உக்காந்து இத நெனச்சா மனசு கனத்துப் போகும்.

தைனோ பாஷை செத்துப் போச்சு, ஆனா சொல்லு மிச்சம் இருக்கு. ஹமாக்கான்னா தொங்கு தூளி, கனோவான்னா சின்னப் படகு, அப்புறம் ஊரக்கான், இதெல்லாம் அவங்க சொல்லு. கனோவா உலகம் பூரா போச்சு, அதே மாதிரி நம்ம கட்டுமரமும் கேட்டமரான்னு ஆகி உலகம் பூரா போச்சு. ரெண்டு பக்கத்துக் கடக்கரை ஆளுகளும் ஆளுக்கொரு படகுப் பேர உலகத்துக்குக் குடுத்திருக்கோம், அந்த மியூசியத்துல நின்னப்ப எனக்கு அப்படித்தான் தோணுச்சு.

ஊரக்கான்னா புயல். 2017 செப்டம்பர் 20-ல மரியா புயல் அந்தத் தீவ அடிச்சுச்சு. செத்தது 64 பேருன்னு அரசு மொதல்ல சொல்லிட்டு, ஆய்வுக்கப்புறம் 2,975-ன்னு ஒத்துக்கிட்டாங்க. மலை ஊருங்களுக்கு மாசக்கணக்குல கரண்டு இல்ல, காப்பிச் செடி பெரும்பகுதி சாஞ்சு போச்சு. இப்ப நீங்க பாக்கப் போற செடி நெறையா அதுக்கப்புறம் நட்டது. 1899-லயும் சான் சிரியாக்கோன்னு ஒரு புயல் இதே மாதிரி மூவாயிரத்துக்கும் மேல ஆளுகள கொண்டுட்டுப் போயி காப்பி வியாபாரத்தையே ஒடச்சுச்சு. எங்க அப்பத்தா 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல பாத்தவங்க, ரயிலு போன கதைய சொல்லும்போது கடைசி வரைக்கும் குரல் நடுங்கும். ஹயூயாவுல ஒரு காப்பிக்காரரு மரியா பத்திச் சொன்னப்ப அதே நடுக்கத்தக் கேட்டேன். அவருட்ட நான் தனுஷ்கோடியச் சொன்னேன், கையப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் விடல.

நேரம் இருந்தா அட்ஹுந்தாஸ்ல காசா புவெப்லோ பாத்துட்டு வாங்க. செம்புச் சுரங்கம் வேணாம்னு 1980-ல ஊரு சனம் ஆரம்பிச்ச அமைப்பு, சுரங்கத்தையும் தடுத்துட்டாங்க, அந்தக் காட்டையும் காப்பாத்திட்டாங்க, அத நடத்துன அலெக்சிஸ் மஸ்ஸோலுக்கு 2002-ல சுற்றுச்சூழலுக்குக் குடுக்குற கோல்ட்மேன் விருது கெடைச்சுச்சு. 1999-லயே கூரையில சோலார் போட்டதால மரியாவுக்கு அப்புறம் ஊரே இருட்டாக் கெடந்தப்ப அந்த வீட்டுல மட்டும் லைட்டு எரிஞ்சுச்சு, மருந்த ஐஸ்பெட்டில வைக்கவும் செல்லு சார்ஜ் போடவும் சனம் அங்கதான் போச்சு. நம்ம கமுதியில 648 மெகாவாட் சோலார் நிக்குது, பெருமைதான், ஆனா புயலடிச்சு லைன் அறுந்தா நம்ம தெருவுக்கு அதுலருந்து நேரா ஒரு பல்பு எரியாது, கூரை சோலாரோட அருமைய நான் அங்கதான் புரிஞ்சுக்கிட்டேன்.

கடைசியா முக்கியமான ஒண்ணு. நமக்கு கடலு தெரியும், மலை ஆறு தெரியாது. அங்க வெயில் அடிச்சுக்கிட்டே இருக்கும், தண்ணி முட்டி அளவுதான் ஓடும், ஆனா மேல எங்கயோ மழை கொட்டிருந்தா கொஞ்ச நேரத்துல ஆளை இழுக்குற வெள்ளம் வந்துரும், கோல்ப்பே தெ ஆக்வான்னு சொல்லுவாங்க. தண்ணி கலங்குனாலோ சருகு மிதந்து வந்தாலோ உடனே கரையேறிருங்க. புள்ளைகள பாறைப் பக்கம் தனியா விடாதீங்க.

பள்ளிவாசல் போன்ஸேயில இருக்கு, ஹயூயாவுலருந்து தெக்க எறங்குனா ஒரு மணி நேரம். சான் ஹுவான் பக்கம் ரியோ பியெத்ராஸ்லயும் இருக்கு.

தேவிபட்டினம் அலை:

வண்டி ஓட்டுறது யாரு, காக்காவா? அரெசிபோ வரைக்கும் பெரிய ரோடு, அங்கேருந்து 10-ஆம் நம்பர் ரோட்டுல உடுவாதோ வரைக்கும் நல்லாருக்கும், அதுக்கு மேல கொண்டை ஊசி வளைவுதான், வளைவுல ஆரன் அடிச்சுட்டுத் திரும்பணும். தூரம் கிலோமீட்டர்லயும் வேகம் மைல்லயும் போட்டிருக்கும், கொழம்பிராதீங்க. பஸ்ஸ நம்பாதீங்க, வாடகைக் காருதான். இருட்டுறதுக்குள்ள போய்ச் சேந்துருங்க. உம்மாவுக்கு வளைவுல வாந்தி வந்தா முன் சீட்டு குடுங்க. ராத்திரி 16, 17 டிகிரிக்கு எறங்கும், ராம்நாட்டு ஒடம்புக்கு அது குளிருதான், ஸ்வெட்டர் எடுங்க. செர்ரோ தெ புந்தா, 1,338 மீட்டர், தீவுலயே ஒசரம், உச்சிக்குக் கிட்ட வரைக்கும் கார் ஏறும், காலையில ஏழு எட்டு மணிக்குள்ள போனா மேகம் மூடாம ரெண்டு பக்கத்துக் கடலும் தெரியும்.

கீழக்கரைப் பையன்:

போயிட்டு வந்துட்டோம், அல்ஹம்துலில்லாஹ். நீங்க எல்லாரும் எழுதலண்டா சான் ஹுவான்லயே படுத்துக் கெடந்துட்டு வந்துருப்போம்.

ஜனவரி 4 மத்தியானம் ஹயூயா போய்ச் சேந்தோம், காப்பித் தோட்டத்துக்குள்ள ஒரு வீட்டுல மூணு ராத்திரி தங்குனோம். மொத ராத்திரி உம்மா தூங்கவே இல்ல, வெளியில என்னமோ குருவி கத்திக்கிட்டே இருக்குண்டு சொல்லுச்சு, காலையில வீட்டம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாக, அது கொக்கீ, கட்டவெரல் அளவு தவளை, பேரச் சொல்லியே கத்தும், மழை பெஞ்சா கூடுதலாக் கத்தும். ரெண்டாவது ராத்திரி அந்தச் சத்தத்துலயே உம்மா நல்லாத் தூங்கிருச்சு.

காப்பி போடுறத உம்மா கிட்ட உக்காந்து பாத்துச்சு. நம்ம டீக்கடையில தொங்குமே வடிகட்டிப் பை, அதே பைதான், மரப்பிடி போட்டது. காப்பிக் கொட்டை காய வைக்கிற சிமெண்ட் களம், முதுகுளத்தூர் ரோட்டுல மிளகா காயுற களம் மாதிரியே இருந்துச்சு. பறிப்பு முடியுற நேரம், கடைசிப் பறிப்புக்கு நாலஞ்சு பேரு இடுப்புல கூடை கட்டிப் பழுத்தத மட்டும் பாத்துப் பாத்துப் பறிச்சாக. அவுகளுக்குக் கூலி அளக்குறது ஒரு பெட்டில, 28 பவுண்டு புடிக்கும், அல்முத்ண்டு பேரு. அந்தச் சொல்லக் கேட்டதும் உம்மா நிமிந்து பாத்துச்சு. நோம்புப் பெருநாளுக்கு பித்ரா தானியம் குடுக்கும்போது ஒரு 'ஸா' அளவுக்கு நாலு 'முத்' அளவுண்டு கணக்குச் சொல்லுவோமே, அதே அரபிச் சொல்லுதான், ஸ்பெயின் வழியா அந்த மலைக்கு வந்து சேந்திருக்கு. அளவு வேற, ஆனா சொல்லு அதேதான்.

சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் இல்ல. வீட்டம்மா எங்களுக்காக தனி சட்டியில துவரைச் சோறு பன்றி இல்லாம ஆக்குனாக, சட்டிய உம்மா கண்ணு முன்னாடியே கழுவுனாக. செரெனாத்தா மூணு நாளும் சாப்பிட்டோம். பாறைக்கு உம்மா முக்காவாசி எறங்கிருச்சு, ரெண்டு எடத்துல உக்காந்து உக்காந்து.

ஜனவரி 5 சாயங்காலம் நடந்தத மட்டும் சொல்லிர்றேன். அந்த வீட்டுப் பேத்தி, ஆறு வயசு இருக்கும், ஒரு செருப்பு டப்பாவ எடுத்துக்கிட்டு தோட்டத்துல புல்லு புடுங்கிக்கிட்டு இருந்துச்சு. மூணு ராசாவும் ஒட்டகத்துல வருவாகளாம், ஒட்டகத்துக்குப் புல்லு வச்சுட்டுத் தூங்குனா காலையில கட்டிலுக்கு அடியில சாமான் இருக்குமாம். காக்கா அத உம்மாவுக்கு எடுத்துச் சொன்னாக. உம்மா ஆயுசு முழுக்க வெள்ளாடு வளத்தது, புல்லு பத்தி அதுக்குத் தெரியாதது இல்ல. புள்ள புடுங்குன புல்லக் கையில வாங்கிப் பாத்துட்டு, "இது காஞ்சது, இத எந்தச் சீவனும் திங்காது"ண்டு தமிழ்லயே சொல்லி, முழங்காலப் புடிச்சுக்கிட்டு வேலி ஓரமா போயி எளசாப் பாத்து ஒரு கை நெறையப் பறிச்சு டப்பாவுல வச்சுச்சு. அந்தப் புள்ள உம்மா கையப் புடிச்சுக்கிட்டு வீடு வரைக்கும் வந்துச்சு.